கேமராவா கரண்ட் குடிக்குது? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல சிசிடிவி கேமரா பத்தி என்ன சந்தேகம் இருந்தாலும் எழுதுங்கன்னு கேட்டிருந்தோம். எந்த கேமரா நல்லா இருக்கும்னு கேட்பாங்கன்னு பாத்தா, நிறைய பேர் கேட்டது கரண்ட் பில் பத்திதான். அதனால இந்த தடவை முழுக்க அதுவே.

கேள்வி: எனக்கு வயசு 67, தனியா இருக்கேன். பையன் பெங்களூர்ல வேலை பாக்கறான், தீபாவளிக்கு வந்தப்போ வீட்டை சுத்தி நாலு கேமரா போட்டுட்டு போனான். அதுக்கப்புறம் வர்ற பில்லுல ஐநூறு அறுநூறு ரூபா கூட வருது. 24 மணி நேரமும் ஓடுதுல்ல அதான்னு பக்கத்து வீட்ல சொல்றாங்க. அதனால காலைல எழுந்ததும் சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு ராத்திரி படுக்கறப்போ போடறேன். பையனுக்கு இது பிடிக்கல. நான் பண்றது சரியா?
– ஒரு வாசகி, காட்பாடி

பதில்: அம்மா, முதல்ல அந்த சுவிட்சை போட்டுடுங்க, மீதியை அப்புறம் படிக்கலாம். செயின் அறுக்கறவன், கேஸ்காரன்னு சொல்லிட்டு உள்ள வர்றவன் எல்லாம் பகல்லதான் வர்றான், தனியா இருக்கறவங்களுக்கு பகல்லயும் கேமரா வேணும். தினமும் டப்புனு கரண்ட்டை நிறுத்தினா டிவிஆர் (கேமரா படத்தை பதிவு பண்ற பொட்டி) உள்ள இருக்கற ஹார்ட் டிஸ்க்கும் சீக்கிரம் கெட்டுப்போகும், அதை மாத்தற செலவுக்கு நீங்க மிச்சம் பிடிக்கற கரண்ட் காசு பத்தாது.

இப்ப கணக்குக்கு வரேன். வீட்டுக்கு போடற சாதாரண 2 மெகாபிக்சல் கேமரா ஒண்ணு பகல்ல 2, 3 வாட், ராத்திரி ஐஆர் லைட் (இருட்டுல படம் தெரியறதுக்கு கேமராவுலயே இருக்கற, நம்ம கண்ணுக்கு தெரியாத லைட்) எரியறப்போ 4, 5 வாட் எடுக்கும், சராசரி 4 வாட்னு வெச்சுக்குங்க. நாலு கேமராவுக்கு 16. டிவிஆரும் ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்து ஒரு 15. பவர் சப்ளை பொட்டில சூடா வீணாப்போறது 3, 4 வாட். ஆக மொத்தம் 35 வாட், அவ்ளோதான். நம்ம ஊர்ல ரெண்டு மாசத்துக்கு ஒரு பில்லுங்கறதால ஒரு கணக்கை மட்டும் மனசுல வெச்சுக்குங்க, 1 வாட் எடுக்கற சாமான் 60 நாள் நிக்காம ஓடினா 1.44 யூனிட். 35-ஐ 1.44-ஆல பெருக்கினா 50 யூனிட் வருது.

வெறும் 50 யூனிட்டுக்கா ஐநூறு அறுநூறு ரூபான்னு கேட்பீங்க. அங்கதான் ஸ்லாப் வருது, அதாவது யூனிட் கூடக்கூட ரேட்டும் படிப்படியா ஏறும். ரெண்டு மாசத்துல 500 யூனிட்டுக்குள்ள இருந்தா முதல் 100 ஃப்ரீ, அடுத்த 100-க்கு யூனிட் ரெண்டரை ரூபாய்க்குள்ளதான், அதுக்கு மேல 400 வரைக்கும் நாலரை ரூபாய் சொச்சம், 400 தாண்டினா ஆறு ரூபாய் சொச்சம் (2024 ஜூலைக்கு அப்புறம் வந்த பில்லை வெச்சு சொல்றேன், உங்க பில்லுல இருக்கற ரேட்டையும் ஒரு தடவை பாத்துக்குங்க). ஆனா 500-ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் 101-ல இருந்து 200 வரைக்கும் கிடைச்ச அந்த சலுகை ரேட் போயிடும், அந்த 100 யூனிட்டுக்கும் நாலரை ரூபாய் சொச்சம்னு போட்டுடுவாங்க, அதுலயே 200 ரூபாய்க்கு மேல ஏறிடும். 501-வது யூனிட்ல இருந்து எட்டு ரூபாய்க்கு மேல. ஒரு வீட்ல 250 யூனிட் ஓடி கேமரா போட்டதும் 300 ஆச்சுன்னா கூட வர்றது 240 ரூபாய்க்குள்ளதான். அதே கேமரா, அதே 50 யூனிட், முன்னாடி 460 ஓடின வீட்ல 510 ஆச்சுன்னா 570 ரூபாய் பக்கம் ஏறிடும். உங்க வீட்ல நடந்தது இதுவாதான் இருக்கும்னு நினைக்கறேன். பழைய பில்லையும் புது பில்லையும் பக்கத்துல வெச்சு ரூபாயை பாக்காம யூனிட்டை மட்டும் பாருங்க, தெரிஞ்சிடும்.

அதனால பக்கத்து வீட்ல சொன்னது முழுசா தப்பில்ல. பகல் பூரா ஆஃப் பண்ணி வெச்சா 30 யூனிட் குறையும், 500-க்குள்ள வந்துடலாம். ஆனா அந்த 30 யூனிட்டை கேமராகிட்ட இருந்துதான் எடுக்கணும்னு இல்லையே. ஹால்ல ஓடற பழைய சீலிங் ஃபேன் 75 வாட் எடுக்கும், அதை எடுத்துட்டு 30 வாட் எடுக்கற பிஎல்டிசி ஃபேன் போட்டா, தினம் 12 மணி நேரம் ஓடுதுன்னு வெச்சாலும் ரெண்டு மாசத்துல 32 யூனிட் மிச்சம். இல்லன்னா 2000 வாட் கீசரை தினம் கால் மணி நேரம் குறைச்சா 30 யூனிட், வேலூர் வெயிலுக்கு வருஷத்துல பாதி நாள் கீசரே வேண்டாம். அடுத்த தடவை பையன் வர்றப்போ ஒரு ஃபேன் மாத்த சொல்லுங்கம்மா, கேமரா அது பாட்டுக்கு ஓடட்டும்.

கேள்வி: ஆள் நடமாட்டம் இருந்தா மட்டும் பதிவாகற மாதிரி செட்டிங் மாத்தினா கரண்ட் பாதியா குறையும்னு சொல்றாங்களே, நிஜமா?
– திருப்பத்தூர் வாசகர்

பதில்: குறையாது சார். நடமாட்டம் இருக்கா இல்லையான்னு பாக்கறதுக்கே கேமரா முழிச்சுட்டு இருக்கணும், ஐஆர் லைட் எரியணும், ஹார்ட் டிஸ்க்கும் சுத்திட்டேதான் இருக்கும். மொத்தத்துல 1, 2 வாட் குறைஞ்சா பெரிசு. அந்த செட்டிங்கால நிஜமான லாபம் வேற, 10 நாள் பதிவு நிக்கற ஹார்ட் டிஸ்க்ல கூடுதல் நாள் நிக்கும். படத்தை சுருக்கி பதிவு பண்ற எச்.265 செட்டிங்கும் அதே மாதிரிதான், இடம் மிச்சமாகும், பில்லு அப்படியேதான் இருக்கும்.

கேள்வி: சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கத்துல சின்ன லாட்ஜ் நடத்தறேன். 16 கேமரா, ரிசப்ஷன்ல 32 இன்ச் டிவில எல்லா கேமராவும் ராத்திரி பகலா தெரியும். டிவிஆர் சூடாகுதுன்னு அதை வெச்சிருக்கற மாடி ரூமுக்கு 1 டன் ஏசி போட்டோம். கமர்ஷியல் கனெக்ஷன், பில் தாங்க முடியல. கேமராவை குறைச்சுடலாமான்னு பாக்கறேன்.
– லாட்ஜ் உரிமையாளர், வேலூர்

பதில்: கேமராவுல கை வைக்காதீங்கண்ணே. உங்க லாட்ஜ்ல தங்கறது வங்காளத்துல இருந்தும் வடகிழக்குல இருந்தும் வைத்தியத்துக்கு வந்த ஜனங்க, மொழி தெரியாது, கைல ஆபரேஷனுக்கு வெச்ச பணம் இருக்கும், அது திருடு போச்சுன்னா அவங்க வைத்தியமே நின்னுடும். மாடிப்படி, வராண்டா, வாசல் எல்லாத்துலயும் கேமரா இருக்கட்டும் (ரூம் கதவு திறந்தா உள்ள தெரியற மாதிரி மட்டும் எதுவும் திரும்பி இருக்கக்கூடாது, நோயாளிங்க இருக்கற இடம், அதை இன்னைக்கே ஒரு தடவை செக் பண்ணிடுங்க).

இப்ப எது எவ்ளோ எடுக்குதுன்னு பாருங்க. 16 கேமராவுக்கு 64 வாட், பவர் சப்ளைல வீணாப்போறது ஒரு 12, 16 சேனல் டிவிஆரும் பெரிய ஹார்ட் டிஸ்க்கும் 25, மொத்தம் 100 வாட். அதாவது ரெண்டு மாசத்துக்கு 144 யூனிட். கமர்ஷியல்ல யூனிட் பத்து ரூபாய்க்கு மேல போகுது, பத்துன்னே வெச்சாலும் 1440 ரூபாய். 16 கண்ணு ராத்திரி பகலா முழிச்சுட்டு இருக்கறதுக்கு இது அதிகம்னு எனக்கு தோணல. அந்த டிவி மட்டும் 50 வாட், அது 72 யூனிட், 720 ரூபாய், பன்னெண்டு கேமரா எடுக்கறதை அது ஒண்ணே எடுக்குது. அப்புறம் ஏசி. 1 டன் ஏசி கம்ப்ரசர் நின்னு நின்னு ஓடி சராசரியா 500 வாட் எடுக்குது, தினம் 12 மணி நேரம்னு வெச்சாலும் நாளைக்கு 6 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 360 யூனிட், 3600 ரூபாய். 100 வாட் சமாச்சாரத்தை குளுகுளுன்னு வெக்க அதை விட ரெண்டரை மடங்கு செலவு பண்ணிட்டு இருக்கீங்க.

டிவிஆருக்கு ஏசி தேவையே இல்லண்ணே. சாதாரணமா 55 டிகிரி வரைக்கும் வேலை செய்யும்னு கம்பெனி தர்ற டேட்டா ஷீட்டுலயே போட்டிருக்கும். நம்ம ஊர்ல அக்னி நட்சத்திரத்துல வெளிய 40-ஐ தாண்டும், மொட்டை மாடில ஷீட் போட்ட ரூம் உள்ள 50 கிட்ட போயிடும், அதான் அங்க வெச்ச டிவிஆர் திணறுது. ரூமை ஜில்லுன்னு ஆக்கறதை விட டிவிஆரை அந்த ரூமை விட்டு கீழ கொண்டு வர்றதுதான் வழி. கிரவுண்ட் ஃப்ளோர்ல வெயில் படாத சுவர்ல, ஆள் உயரத்துக்கு மேல, ஓட்டை வெச்ச இரும்பு ரேக் மாட்டி பூட்டு போட்டுடுங்க, சுத்தி நாலு விரக்கடை காத்து போகட்டும், மூணு மாசத்துக்கு ஒரு தடவை உள்ள இருக்கற குட்டி ஃபேன்ல தூசி எடுக்க சொல்லுங்க. மேல இருந்து வயரை இறக்கறதுக்கு ஒரு தடவை செலவாகும்தான், அதை ஏசி கரண்ட் காசே ஒண்ணு ரெண்டு பில்லுல திருப்பி கொடுத்துடும். டிவிக்கு பதிலா 19 இன்ச் எல்இடி மானிட்டர் போட்டா 15, 20 வாட்தான், ரிசப்ஷன்ல ஆள் தூங்கற நேரத்துல அதையும் ஆஃப் பண்ணிடலாம். மானிட்டர் ஆஃப்ல இருந்தாலும் பதிவு பாட்டுக்கு நடக்கும், இது தெரியாமயே நிறைய கடைல டிவியை எரிய விடறாங்க, லாங் பஜார் பக்கம் போனா நீங்களே பாக்கலாம்.

கேள்வி: ஐடிஐ எலக்ட்ரீஷியன் படிக்கறேன் சார். எங்க வீட்டு கேமரா செட்டை கிளாம்ப் மீட்டர்ல பாத்தேன், 0.3 ஆம்பியர் காட்டுது. 230-ஆல பெருக்கினா 69 வாட் வருது. ஆனா எல்லாரும் 35, 40-தான்னு சொல்றாங்க. எது சரி?
– மாணவர், வாலாஜாபேட்டை

பதில்: அளந்து பாக்கணும்னு தோணிச்சு பாருங்க தம்பி, அதுக்கே சந்தோஷம். பவர் ஃபேக்டர் படிச்சிருப்பீங்க, வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வர்றதுல எவ்ளோ பங்கு நிஜ வாட்டுன்னு சொல்ற நம்பர், அதை பெருக்காம விட்டுட்டீங்க. விலை கம்மியான எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளைல பவர் ஃபேக்டர் 0.5, 0.6 அளவுலதான் இருக்கும், 69-ஐ 0.55-ஆல பெருக்குங்க, 38 வாட். வீட்டு மீட்டர் யூனிட் போடறது இந்த நிஜ வாட்டுக்குதான்.

இன்னும் கரெக்டா வேணும்னா காசு செலவில்லாம ஒரு வழி இருக்கு. வீட்ல ஃப்ரிட்ஜ்ல இருந்து செல் சார்ஜர் வரைக்கும் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு கேமரா செட்டை மட்டும் ஓட விடுங்க. ஈபி மீட்டர்ல ஒரு சின்ன சிவப்பு லைட் மினுக்கும், ஒரு யூனிட்டுக்கு எத்தனை தடவை மினுக்கும்னு மீட்டர் மேலயே அச்சடிச்சிருக்கும், நிறைய மீட்டர்ல 3200. அப்படி இருந்தா ஒரு மினுக்கலுக்கும் அடுத்த மினுக்கலுக்கும் எத்தனை செகண்டுன்னு போன்ல பாத்துட்டு 1125-ஐ அதால வகுங்க. 30 செகண்ட் ஆனா 37.5 வாட். மீட்டர்ல வேற நம்பர் இருந்தா 36 லட்சத்தை அந்த நம்பரால வகுத்தா 1125-க்கு பதிலா என்ன போடணும்னு வந்துடும். பகல்ல ஒரு தடவை, இருட்டினதும் ஒரு தடவை எடுங்க, ஐஆர் லைட் எவ்ளோ எடுக்குதுன்னு தனியா தெரியும். முடிஞ்சா தெருவுல நாலு வீட்டுக்கு இதை செஞ்சு காட்டுங்க, கேமராவை பாத்து பயந்துட்டு இருக்கற பெரியவங்களுக்கு உபகாரமா இருக்கும்.

கேள்வி: மாட்டு கொட்டா வீட்ல இருந்து 60 மீட்டர் தள்ளி கீது. அங்க ஒரு கேமரா போட்டுகீறோம், பகல்ல நல்லா தெரியுது, ராத்திரி ஆனா படம் வருது போவுது வருது போவுது. கேமரா மாத்தி பாத்தாச்சி, அப்பவும் அப்படியேதான் கீது. கடக்காரரு பெரிய பவர் சப்ளை போட சொல்றாரு. அத்த போட்டா கரண்ட் பில்லு ஏறுமா?
– விவசாயி, ஒடுகத்தூர் பக்கம்

பதில்: பில்லு ஏறாதுங்க, ஆனா கோளாறும் தீராது. பெரிய டேங்க் கட்டினதால குழாய்ல தண்ணி கூட வராது, அந்த மாதிரி 5 ஆம்பியர் பொட்டிக்கு பதிலா 10 ஆம்பியர் பொட்டி வெச்சாலும் கேமரா கேக்கறதைதான் அது கொடுக்கும்.

கோளாறு வயர்ல இருக்கு. பகல்ல கேமரா இழுக்கற கரண்ட் கம்மி. இருட்டினதும் ஐஆர் லைட் எரியுது, கரண்ட் 0.4 ஆம்பியர் கிட்ட போயிடுது. 60 மீட்டர்னா போக வர 120 மீட்டர் கம்பி, கேமரா கேபிள்ல இருக்கற அந்த மெல்லிசு கம்பி நல்ல செம்பா இருந்தாலே 120 மீட்டருக்கு 10 ஓம் வரும், செம்பு பூசின அலுமினியமா இருந்தா இன்னும் கூட. 0.4-ஐ 10-ஆல பெருக்கினா 4 வோல்ட் வழிலயே காணாம போகுது, 12 வோல்ட் அனுப்பினா கேமராவுக்கு 8-தான் போய் சேருது. கேமரா அணைஞ்சிடுது, அணைஞ்சதும் வோல்ட் ஏறுது, திரும்ப எரியுது, ஐஆர் போட்டதும் திரும்ப அணையுது, ராத்திரி பூரா இதே கதை. கேமரா மேல ஒரு தப்பும் இல்ல, இதுக்காக ரெண்டாவது கேமராவுக்கு காசு செலவு பண்ணிட்டீங்களேன்னுதான் மனசு கஷ்டமா இருக்கு.

கொட்டாவுல வீட்டு கனெக்ஷன்ல இருந்து லைட்டுக்கு லைன் இருந்தா அங்கயே 12 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டர் ஒண்ணு மாட்டுங்க, மழை படாத டப்பாவுல வெச்சு, மாடு நக்காத உயரத்துல. வீட்ல இருந்து படம் வர்ற கேபிள் மட்டும் போதும். லைன் இல்லன்னா பவருக்கு மட்டும் தனியா 1 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர் இழுங்க, அதுல 1 வோல்ட் கூட விழாது. புதுசாவே போடறவங்களா இருந்தா நெட் கேபிள்லயே 48 வோல்ட் அனுப்பற பிஓஇ கேமரா போடலாம், 100 மீட்டர் வரைக்கும் தாராளமா போகும்.

கேள்வி: கேமரால ராத்திரி கலர்ல தெரியணும்னு வாசல்ல ட்யூப்லைட் விடிய விடிய எரியுது. பரவாயில்லையா?
– ஆரணி வாசகி

பதில்: பழைய சோக் வெச்ச ட்யூப்லைட்னா சோக்கோட சேர்த்து 50 வாட், தினம் 12 மணி நேரம், ரெண்டு மாசத்துக்கு 36 யூனிட். நாலு கேமரா செட்டே 50 யூனிட்தான் எடுக்குதுங்கறப்போ இது ரொம்ப அதிகம். 9 வாட் எல்இடி பல்பு போடுங்க, 6.5 யூனிட்ல முடிஞ்சிடும். லைட்டோட வர்ற கலர் கேமராவும் 2, 3 வாட்தான் கூட எடுக்கும், ஆனா ஈசல், பூச்சி எல்லாம் கண்ணாடி கிட்டயே மொய்ச்சு சிலந்தி கூடு கட்டிடும், படம் மங்கிடும். பல்பை கேமராவை விட்டு நாலடி தள்ளி வெக்கறது நல்லது.

கேள்வி: மாசாந்திர பராமரிப்புன்னு காலைல 9 மணிக்கு கரண்ட் போனா மத்தியானம் வரைக்கும் கேமரா நிக்குது. இன்வெர்ட்டர்ல கேமராவை சேர்த்தா ஃபேனுக்கு பத்தாம போயிடுமா?
– ராணிப்பேட்டை வாசகர்

பதில்: 12 வோல்ட் 150 ஏஎச் பேட்டரின்னா கணக்குக்கு 1800 வாட் அவர், நடைமுறைல 1200 கிடைச்சா நல்லது. ரெண்டு ஃபேன் ஓடறதுக்கும் இன்வெர்ட்டர் தன் பங்குக்கு எடுக்கறதுக்கும் சேர்த்து 170 வாட்னு வெச்சா 7 மணி நேரம் வரும். கேமரா செட்டும் நெட் மோடமும் சேர்ந்து 45 வாட் கூடும், அப்ப அஞ்சரை மணி நேரம். மத்தியானம் 2 மணிக்கு கரண்ட் வந்துடும்னா போதும். சாயங்காலம் வரைக்கும் ஷட் டவுன்னு அறிவிச்ச அன்னைக்கு ஒரு ஃபேனை நிறுத்திடுங்க. மோடத்தை மறந்துடாதீங்க, அது இன்வெர்ட்டர்ல இல்லன்னா வீட்ல பதிவாகும், ஆனா வெளியூர்ல இருந்து போன்ல பாக்க முடியாது.

கேள்வி: அணைக்கட்டு பக்கம் 2 ஏக்கர் மாந்தோப்பு. சீசன்ல காய் திருடு போகுது. பம்ப்செட்டுக்கு வர்ற ஃப்ரீ கரண்ட்ல கேமரா போட்டுக்கலாமா, இல்ல சோலார் கேமரா வாங்கலாமா?
– மாந்தோப்புக்காரர்

பதில்: ஃப்ரீ கரண்ட்ல வேண்டாங்க. அது தண்ணி இறைக்க கொடுத்த இணைப்பு, வேற வேலைக்கு எடுத்தா 2003 மின்சார சட்டம் 126-வது பிரிவுல ரெண்டு மடங்கு ரேட் போட்டு வசூல் பண்ண இடம் இருக்கு. 5 வாட் கேமராவுக்காக கிணத்து கனெக்ஷனை வம்புல மாட்ட வேண்டாம்.

சோலார்ல ரெண்டு வகை இருக்கு, வாங்கறதுக்கு முன்னாடி எதுன்னு கேளுங்க. விலை கம்மியா உள்ளங்கை அளவு பேனலோட வர்றது தூங்கற வகை, ஆள் நடமாட்டத்தோட உடம்பு சூட்டை பாத்து முழிச்சு அப்பதான் பதிவு பண்ணும், பத்து மீட்டருக்குள்ள வந்தாதான் அதுக்கு தெரியும். சுத்தி இருக்கற காத்தே உடம்பு சூட்டுக்கு கிட்ட இருந்தா ஆளையும் காத்தையும் அதால பிரிச்சு பாக்க முடியாது, மே மாசம் நம்ம பக்கம் மத்தியானம் எப்படி இருக்கும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. கேட்டுக்கும் ஒத்தையடி பாதைக்கும் அது போதும், தோப்பு முழுக்க பாக்க ஆகாது.

நிக்காம பதிவு பண்ற சிம் கார்டு கேமரா 5 வாட் எடுக்கும், ஒரு நாளைக்கு 120 வாட் அவர். ரெண்டு நாள் வெயிலே இல்லன்னாலும் தாங்கணும்னா 12 வோல்ட் 40 ஏஎச் பேட்டரி, 60 வாட் பேனல். ஐப்பசி கார்த்திகைல மழை மூட்டத்துக்கு இன்னும் பெரிய பேனல் வேணும்தான், ஆனா உங்களுக்கு காவல் வேண்டியது சித்திரை வைகாசில, அப்ப வெயிலுக்கு குறைச்சலே இல்ல, அதனால 60 போதும், கூட செலவு பண்ணாதீங்க. பேனலை மரத்தடில மாட்டாதீங்க, ஒரு ஓரத்துல கிளை நிழல் விழுந்தாலே பாதிக்கு மேல குறைஞ்சிடும். தோப்புக்கு வெளிய வரப்புல கம்பம் நட்டு, தெக்கு பாத்து 13 டிகிரி சாய்ச்சு மாட்டுங்க, வாரம் ஒரு தடவை ஈரத்துணியால தூசி துடைச்சு விடுங்க.